கிரெனடீன்ஸ் தீவுகளுக்கு கிருஷ்ணகிரிலேர்ந்து கெளம்பறவங்களுக்கு

கரீபியன்னாலே பார்படாஸ், ஜமைக்கான்னு ஓடாம கிரெனடீன்ஸ்ங்கற குட்டித்தீவு கூட்டத்து பக்கம் போங்க. பெங்களூர்ல ஏறி நடுவுல ஃப்ளைட் மாறணும், அதனால மொதல்ல டிரான்சிட் விசாவ பாத்துட்டு அப்புறம் டிக்கெட் போடுங்க. ஜூன்லேர்ந்து நவம்பர் வரைக்கும் புயல் சீசன், நம்ம ஊர் மாங்கா மண்டி களைகட்டறதுக்குள்ள போயிட்டு வந்துடணும்.

பக்கத்து பெரிய தீவு செயின்ட் வின்சென்ட்டோட தலைநகர் கிங்ஸ்டவுன்ல ஃபெர்ரி ஏறுனா ஒரு மணி நேரத்துல பெக்வியா. அதைவிட குட்டி தீவு மைரோ (பேர வீட்ல சத்தமா சொல்லிடாதீங்க), அங்கேர்ந்து போட்ல டொபேகோ கீஸ் போனா, ஆளே குடியில்லாத அஞ்சு குட்டித்தீவு, தண்ணிக்குள்ள மூஞ்சிய விட்டா கடலாமை பாட்டுக்கு புல்லு மேஞ்சிட்டு இருக்கும், தொடக்கூடாது. 2024 ஜூலைல பெரில் புயல் மைரோவையும் யூனியன் தீவையும் பொரட்டி போட்டுச்சு, ரூம் இருக்கான்னு போன்ல கேட்டுக்கோங்க.

வெல சொன்னா எந்த டாலர்னு கேளுங்க, ஒரு அமெரிக்க டாலர்னா அங்க ஓடுற கிழக்கு கரீபியன் டாலர்ல 2.70. சுட்ட சீமைப்பலாவும் பொரிச்ச மீனும் விட்றாதீங்க.