பிபிசி மைக்ரோவில் பிளாப்பி டிரைவ் மாட்டுவது எப்படி?

1984-ல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் நம் பள்ளிக்கூடங்களுக்கு வந்த கம்ப்யூட்டர் பிபிசி மைக்ரோ. செங்கோட்டை, புளியரை, கணவாய் தாண்டி ஆரியங்காவு, புனலூர் பக்கம் எங்காவது ஒன்று, பிளாப்பி டிஸ்கைப் படிக்கும் டிரைவோடு உங்கள் கைக்கு வந்தால், "டிரைவ் செத்துப்போச்சு" என்று சொல்வதை உடனே நம்பிவிடாதீர்கள். கேபிள், ஜம்பர் (டிரைவின் எண்ணை முடிவு செய்யும் சின்னச் செருகி), டிஸ்க் இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் டிரைவைச் சந்தேகப்பட வேண்டும்.

முதலில் டிரைவ் இல்லாமல் கம்ப்யூட்டரை மட்டும் பாருங்கள். பவர் சப்ளைக்குள் மெயின்ஸ் பக்கம் இருக்கும் பழைய காகிதக் கப்பாசிட்டர்கள் வெடிப்பு விட்டு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். கரண்ட் கொடுத்த கொஞ்ச நேரத்தில் புகைந்து நாறும். 230 வோல்ட் ஓடும் இடம் அது. உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் நல்ல டிவி மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள், இதில் துணிச்சல் வேண்டாம். சரி, இப்போது ஆன் செய்தால் இரண்டு சுருதியில் பீப் சத்தம் வரும். திரையில் டிஎஃப்எஸ் (DFS, டிஸ்கைக் கையாளும் மென்பொருள்) என்று ஒரு வரி இருக்கிறதா? இல்லையென்றால் டிஸ்க் கன்ட்ரோலர் சிப்போ டிஎஃப்எஸ் இருக்கும் ரோம் (ROM) சிப்போ உள்ளே இல்லை. டிரைவ் மாட்டிப் பயனில்லை.

அடுத்தது டிஸ்க். நம்மூரில் இதுதான் பெரிய வில்லங்கம். ஜூன் தொடங்கினால் சாரல், வீட்டுக்குள் எல்லாமே ஈரம். டிஸ்கின் நீள்வட்டத் திறப்பு வழியாகப் பார்த்தபடி, நடு வட்டத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் பூசணம். அதை உள்ளே போட்டுவிடாதீர்கள்! பூசணம் டிரைவுக்குள் டிஸ்கைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்து போடும் நல்ல டிஸ்கையும் கீறிவிடும். ஏற்கெனவே போட்டிருந்தால் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஹெட்டைத் துடைத்து, காயவிடுங்கள்.

அப்புறம் இணைப்பு. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரின் அடியில் இருக்கும் 34 பின் சாக்கெட்டில் ரிப்பன் கேபிளை மாட்டுங்கள். கேபிளின் சிவப்புக் கோடு ஒன்றாம் பின்னைக் காட்டும். இரண்டு முனையிலும் அது ஒன்றாம் பின் பக்கமே இருக்க வேண்டும். ஆன் செய்ததும் டிரைவ் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் ஒரு முனை திரும்பியிருக்கிறது. அணைத்துவிட்டுத் திருப்பி மாட்டுங்கள்.

நல்ல டிஸ்க் ஒன்றைப் போட்டு, *CAT என்று தட்டி ரிட்டர்ன் அழுத்துங்கள். டிஸ்கில் உள்ள கோப்புகளின் பட்டியல் வந்தால் வேலை முடிந்த மாதிரிதான். அப்படியே நின்றுவிட்டால் பிரேக் அழுத்தி, அதே கட்டளையின் கடைசியில் ஓர் இடைவெளியும் 1-உம் சேர்த்துப் பாருங்கள். இப்போது டிரைவ் சுழன்றால் அதன் ஜம்பர் டிஎஸ்1-ல் (DS1, இரண்டாம் டிரைவ்) இருக்கிறது, டிஎஸ்0-க்கு (DS0, முதல் டிரைவ்) மாற்றுங்கள். பிசியிலிருந்து கழற்றிய டிரைவ்கள் வழக்கமாக டிஎஸ்1-ல்தான் இருக்கும்.

பட்டியல் ஒழுங்காக வந்து, புரோகிராமை ஏற்றும்போது மட்டும் டிஸ்க் ஃபால்ட் 18 வருகிறதா? கேட்ட செக்டர், அதாவது டிஸ்கில் தகவல் இருக்கும் துண்டு, கிடைக்கவில்லை என்று அர்த்தம். டிஸ்கில் தகவல் பதியும் வட்டக் கோடுதான் டிராக்; 40 டிராக் டிஸ்கை 80 டிராக் டிரைவில் போட்டாலும் இப்படி ஆகும். பட்டியல் இருக்கும் முதல் டிராக் இரண்டுக்கும் ஒரே இடம், அதனால் அது மட்டும் தெரியும். டிரைவில் 40/80 சுவிட்ச் இருந்தால் 40-க்குத் தள்ளிவிட்டு ஏற்றுங்கள். அந்த நிலையில் படிக்க மட்டும் செய்யுங்கள், எழுத வேண்டாம். 80 டிராக் ஹெட் எழுதும் கோடு ஒல்லி, அசல் 40 டிராக் டிரைவ் அதைப் படிக்கத் திணறும்.