ஜப்பானியப் பட்டு: கண்ணும் கையும் செய்யும் தவறுகள்

பட்டு என்றால் மினுமினுக்க வேண்டும் என்று பழகிய கண்ணுக்கு, யூகி ட்சுமுகி என்ற ஜப்பானியக் கைநெசவுப் பட்டு ஏமாற்றமாகத்தான் இருக்கும். பருத்திபோல மங்கலான துணி. அதைப் பார்த்து "இதற்கா இந்த விலை?" என்று ஒதுக்குவதுதான் முதல் தவறு. இபராகி, தொச்சிகி மாநிலங்களில் பட்டுக்கூட்டைப் பஞ்சுபோல விரித்து, விரலை எச்சிலில் நனைத்துக்கொண்டு, முறுக்கே ஏற்றாமல் இந்த இழையை இழுக்கிறார்கள். நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களைத் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு, உடம்பாலேயே இறுக்கியும் தளர்த்தியும் நெய்கிறார் நெசவாளர். முறுக்கில்லாத இழை காற்றைப் பிடித்துவைப்பதால் துணி கதகதப்பாக இருக்கிறது. 2010-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த கலை இது. அதற்காகத் திருமணத்துக்கு உடுத்திவிடாதீர்கள்! எவ்வளவு விலையானாலும், ஜப்பானிய மரபில் ட்சுமுகி சடங்குக்குரிய உடை அல்ல.

அடுத்தது தங்கம். நமக்குத் தெரிந்த ஜரிகையில் நூலைச் சுற்றி உலோகம் இருக்கும். கியோத்தோவின் நிஷிஜின் நெசவில் வரும் ஹிகிபாகு அப்படியல்ல, அது காகிதம். வாஷி என்ற ஜப்பானியத் தாளில் உருஷி மரப்பாலைப் பூசி, தங்க ரேக்கை ஒட்டி, மெல்லிய கீற்றுகளாக நறுக்குகிறார்கள். ஒவ்வொரு கீற்றையும் மூங்கில் கொக்கியில் மாட்டி, புரண்டுவிடாமல் பாவுக்கு நடுவே இழுக்க வேண்டும். ஜரிகைதானே என்று அதை ஈரத்துணியால் துடைப்பதும், கண்ட இடத்தில் மடித்து அழுத்துவதும் அந்த உழைப்பைப் பாழாக்கும்.

ட்சுசுரே என்ற சித்திர நெசவை வெளிச்சத்தில் பிடித்தால், நிறம் மாறும் ஓரங்களில் நுண்ணிய பிளவுகள் தெரியும். கிழிசல் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு நிற ஊடையும் (குறுக்கு நூலும்) தன் எல்லையிலேயே திரும்பிவிடுவதால் வரும் இடைவெளி அது. நெசவாளர் தன் நகத்தை ரம்பப் பல்போல அராவி வைத்துக்கொண்டு, அதனாலேயே ஊடையை வாரி இறுக்குகிறார்.

பட்டை எடுத்துவைக்கும்போது அந்துருண்டை வகைகளைக் கலந்து போடாதீர்கள், உருகிக் கறையாகும்.

எனக்கு மனம் பொறுக்காத தவறு, கிமோனோ என்ற ஜப்பானிய அங்கி பழசானதும் அதை வெட்டித் தலையணை உறையாக்குவது. சுமார் 12 மீட்டர் நீளமுள்ள ஒரே துணி, நேர்க்கோட்டில் எட்டுத் துண்டுகளாக மட்டும் வெட்டப்பட்டுக் கிமோனோவாகிறது. தையலைப் பிரித்து, துண்டுகளை மறுபடி ஒன்றாக இணைத்து, அலசி விறைப்பாக இழுத்துக் காயவைத்தால் அது மீண்டும் நீளத் துணியாகிவிடும். தாயின் கிமோனோவை மகளின் அளவுக்குத் தைப்பது இப்படித்தான்.