பழைய அச்சில் இழுவைப் பெட்டி: வெல்டிங் வைத்து ஒட்ட முன்னர் பார்க்க வேண்டியவை

வெள்ளாமை வெட்டு தொடங்கினால் சம்மாந்துறை முதல் செங்கலடி வரை வாகனத்தின் பின்னால் கொழுவி இழுக்கிற, வீட்டில் செய்த இழுவைப் பெட்டிகள் (ட்ரெயிலர்கள்) வீதிக்கு வரும். சட்டமும் தட்டும் புது இரும்பு. இரண்டு சில்லுகளையும் தாங்கும் தண்டான அச்சு மட்டும் பழைய இரும்புக் கடையில் எடுத்தது. அதில் பிழையில்லை, பார்த்து எடுத்தால்.

என் மாமாவின் பெட்டி நெல்லோடு வரும்போது அச்சுமுனை முறிந்து ஒரு சில்லு வயலுக்குள் ஓடியது. முறிந்த முகத்தில் பாதி கறுத்துத் துருவேறியிருந்தது, மீதி புது வெள்ளிபோல் மின்னியது. கறுத்த பாதி நெடுநாள் வெடிப்பு. மின்னிய பாதிதான் அன்று முறிந்தது. அதற்குப் பிறகு எந்த அச்சையும் இப்படிப் பார்க்காமல் நான் தொடுவதில்லை.

1. எடுக்கும்போது. முன்சில்லு இழுக்கும் சிறிய வானின் பின் அச்சு நல்லது: நடுவில் கியர்ப் பெட்டி இல்லை, வெறும் தண்டு. திரும்பும் முன் அச்சு வேண்டாம். ஹப் (அச்சுமுனையில் சுற்றும், சில்லு பூட்டும் குடம்), சில்லு, நட்டு எல்லாம் சேர்த்தே வாங்குங்கள்.

அந்த வாகனத்தின் பின்பக்கம் தாங்கிய பாரத்துக்கு மேல் ஏற்றக்கூடாது, பெட்டியின் சொந்த எடையும் அதற்குள் அடக்கம். 65 கிலோ மூட்டை 12 ஏற்றினால் 780 கிலோ, பெட்டியின் எடை அதற்கு மேல். காய்ந்த மணல் ஒரு கன மீற்றரே ஏறக்குறைய 1,600 கிலோ. இந்த அச்சுக்கு அது ஆகாது.

2. வெடிப்புத் தேடல். அவசரப்படக் கூடாத இடம் இதுதான். ஹப்பைக் கழற்றுங்கள். பெயின்றையும் துருவையும் கம்பித் தூரிகையால் வெள்ளை இரும்பு தெரியத் தேயுங்கள். உள் பெயாரிங் வந்து முட்டும் படியில், முனை தடிக்கும் அந்த மூலையில்தான் வெடிப்பு பிறக்கும். அங்கே மண்ணெண்ணெய் பூசி அரை மணித்தியாலம் விடுங்கள். துணியால் நன்றாகத் துடைத்து, சோக்குத் தூளைத் தூவிக் காத்திருங்கள். மயிரிழைபோல ஈரக்கோடு எழுந்தால் அச்சு வெடித்திருக்கிறது. "ஒட்டித் தாறன் தம்பி" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். அந்த அச்சு இரும்புக் கடைக்கே திரும்பட்டும். கோடு தெரியாவிட்டாலும் சந்தேகம் இருந்தால் லேத்துக்காரரிடம் காட்டுங்கள்.

3. நேராக இருக்கிறதா. சில்லுகளைப் பூட்டி, இரண்டு டயர்களுக்கும் இடையிலான தூரத்தை முன்பக்கமும் பின்பக்கமும் அச்சின் உயரத்தில் அளந்து பாருங்கள். இரண்டும் வெகுவாக வேறுபட்டால் அச்சு வளைந்தது. வளைந்ததைச் சூடாக்கி நிமிர்த்த வேண்டாம்.

4. பொருத்துதல். தண்டின் அடிப்பக்கத்தில் குறுக்காக ஒட்டவே கூடாது. பாரம் ஏறும்போது இழுபடுவது அடிப்பக்கம். ஒட்டின ஓரத்திலிருந்தே வெடிப்புத் தொடங்கும். அதனால் ஒட்டாமல், பாரம் தாங்கும் வில்லுத் தகட்டை யூ போல்டால் அச்சோடு இறுக்குங்கள்.

பெயாரிங்கும், கிறீஸ் வெளியேறாமலும் தண்ணீர் புகாமலும் மறிக்கும் சீலும் புதிதாகப் போடுங்கள். கூம்புப் பெயாரிங் என்றால் சில்லைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு சற்றே தளர்த்தி, நட்டு கழராமல் மறிக்கும் புது முள்ளாணி (ஸ்ப்ளிட் பின்) போடுங்கள். சில்லின் மேலையும் கீழையும் பிடித்து ஆட்டினால் தட்டக்கூடாது.

5. முதல் ஓட்டம். வெறும் பெட்டியோடு 5 கிலோமீற்றர் ஓடி நிறுத்தி, ஹப்பைப் புறங்கையால் தொடுங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாவிட்டால் நட்டு இறுக்கம் அல்லது கிறீஸ் குறைவு. சில்லு நட்டுகளை அப்போதே மறுபடி இறுக்குங்கள்.

கல்லடி வாவியில் தோணி இறக்குகிறவர்களுக்கு இன்னொன்று. ஓடிவந்த சூட்டோடு ஹப்பைத் தண்ணீருக்குள் விட்டால் உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கி, சீல் வழியாக உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும். கரையில் நிறுத்தி, கை வைத்தால் குளிர்ந்திருக்கும்வரை ஆறவிட்டுப் பிறகு இறக்குங்கள்.