மார்பக இம்ப்ளான்ட்டுக்குப் பிறகு உடற்பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் என் வகுப்புக்குப் புதிதாக ஒரு பெண் வந்தார். படிவத்தில் 'சமீபத்தில் அறுவைச் சிகிச்சை ஏதாவது?' என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார். "தோள்பட்டை சுளுக்கு அக்கா, மத்தபடி ஒண்ணுமில்ல" என்றார். ஆனால் பாயை விரிக்கக் குனிந்தபோது இரண்டு முழங்கைகளும் விலாவோடு ஒட்டியே இருந்தன. சுளுக்கு ஒரு பக்கம்தான் இருக்கும். இவருக்கு இரண்டு பக்கமும் ஒரே தயக்கம். வகுப்பு முடிந்ததும் தனியாக உட்காரவைத்து என் கதையை முதலில் சொன்னேன். அப்புறம்தான் அவர் வாயைத் திறந்தார். மார்பகத்தைப் பெரிதாக்க உள்ளே வைக்கிற சிலிக்கான் பை, அதாவது இம்ப்ளான்ட், வைத்து 4 வாரம் ஆகியிருந்தது.

நான் சென்னையில் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தருகிறேன். இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு, 35 வயதில் நானும் இந்த அறுவையைச் செய்துகொண்டவள். மருந்தை விடுவது, கட்டுப் பிரிக்கும் முன்னே ஜிம்முக்கு ஓடுவது போன்றவை பற்றி இங்கே எழுதப்போவதில்லை; அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். விவரம் தெரிந்தவர்களே செய்கிற தவறுகள்தான் இவை. கீழே வரும் வாரக் கணக்கு பொதுவானது. உங்கள் சர்ஜன் வேறு சொன்னால் அவர் சொல்வதே கணக்கு.

பயிற்சியாளரிடம் மறைப்பது

நானும் அன்று 'தோள்பட்டை சுளுக்கு' என்றுதான் சொன்னேன். எனக்குப் பயிற்சி தந்தவர் நல்ல மனிதர், அக்கறையானவர். சுளுக்கு என்று நம்பி, தோளுக்கு வலு சேர்க்கிற பயிற்சிகளாகப் பார்த்துக் கொடுத்தார்: ரப்பர் பேண்டை மார்புக்கு முன்னால் இழுப்பது, சுவரில் கை ஊன்றி புஷ்-அப். சுளுக்கு குணமாகி வரும் தோளுக்கு அதெல்லாம் ஏற்றதுதான். எனக்கோ அப்போது 4 வாரம். இம்ப்ளான்ட் மார்புத் தசைக்கு அடியில்.

தசைக்கு அடியில் வைப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் விளக்க வேண்டும். நெஞ்செலும்பிலும் விலாவிலும் தொடங்கித் தோளருகே மேற்கை எலும்பில் போய் முடிகிற பெரிய தசை ஒன்று இருக்கிறது. அதன் கீழ் ஓரத்தை விலாவிலிருந்து பிரித்துத்தான் இம்ப்ளான்ட்டுக்கு இடம் உண்டாக்குகிறார்கள். உள்ளே போன சிலிக்கானைச் சுற்றி உடம்பு தானாகவே ஒரு மெல்லிய உறையைக் கட்டிக்கொள்ளும். பிறகு இம்ப்ளான்ட்டை இடம் மாறாமல் வைத்திருப்பதில் அந்த உறைக்குப் பெரிய பங்கு உண்டு. அது உறுதிப்பட வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அந்தத் தசையைத் திரும்பத் திரும்ப இறுக்கினால், மேலிருந்து அழுத்தி இம்ப்ளான்ட்டைக் கீழேயும் வெளிப்பக்கமாகவும் தள்ளும்.

எனக்கு அதுதான் நடந்தது. ஒரு சாயங்காலம் இடது பக்கம் கனமாக இருந்தது. மறுநாள் வீங்கியது. உள்ளே நீர் கோத்திருந்தது, ஊசி போட்டு எடுத்தார்கள். சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். சில மாதங்களில் இடது இம்ப்ளான்ட் அக்குள் பக்கமாக ஒதுங்கியது கண்ணுக்கே தெரிந்தது. மறுபடி மயக்க மருந்து, மறுபடி கத்தி, உறையைச் சுருக்கித் தையல். முதல் தடவை ஆன செலவில் பாதிக்கு மேல் மறுபடியும் கட்டினேன். மறுபடி முதல் வாரத்திலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

இத்தனைக்கும் காரணம் ஒரு பொய். அந்தப் பொய்க்குக் காரணம் வெட்கம். இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. முட்டியில் ஆபரேஷன் செய்தவர் ஊருக்கே சொல்கிறார். கண்ணில் லென்ஸ் வைத்தவரைப் பார்க்கப் பழம் வாங்கிக்கொண்டு போகிறோம். இதைச் செய்துகொண்ட பெண் மட்டும் வீட்டில் 'காய்ச்சல்' என்கிறாள், ஜிம்மில் 'சுளுக்கு' என்கிறாள். காய்ச்சல் என்று சொன்னால் வீட்டில் எத்தனை நாள் விடுவார்கள்? ஒரு வாரம். எட்டாம் நாள் 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்க்க வேண்டியிருக்கும். கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவ வேண்டியிருக்கும். ஸ்கூட்டரை இழுத்து சென்டர் ஸ்டாண்ட் போட வேண்டியிருக்கும். மூன்றிலும் நெஞ்சுத் தசைக்கு வேலை இருக்கிறது, ஜிம்முக்குப் போகாமலேயே.

முழுக் கதையையும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. "மார்புத் தசைப் பக்கம் ஒரு ஆபரேஷன், இந்தத் தேதி வரை கையை ஊன்றுவதும் தூக்குவதும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்று சொன்னால் போதும். அதில் பொய் எதுவும் இல்லை. மேற்கொண்டு யாராவது தோண்டினால் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. பயிற்சியாளருக்கு மட்டும் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: அறுவை நடந்த தேதி, இம்ப்ளான்ட் தசைக்கு மேலா அடியிலா, சர்ஜன் தடுத்த அசைவுகள் எவை. ஆண் பயிற்சியாளரிடம் வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதைப் படித்துவிட்டு முகம் மாறுகிறவரிடம் பயிற்சி வேண்டாம்.

'வலி இல்லையே' என்று தொடங்குவது

மற்ற இடங்களில் வலி நமக்கு நல்ல காவல். இங்கே அதை நம்ப முடியாது. மார்பகத் தோலுக்கு உணர்வு தரும் நரம்புகள் இந்த அறுவையில் இழுபடும், சில வெட்டுப்படும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் மரத்தே இருக்கும். 'வலித்தால் நிறுத்திக்கொள்கிறேன்' என்று தொடங்கினால், வலி வரும்போது வேலை கெட்டுப்போயிருக்கும். வெளியே ஆறிவிட்டதே என்று தழும்பைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். தையல் போட்ட தோலுக்கு 3 வாரத்தில் பழைய வலுவில் 20 முதல் 30 சதவீதம்தான் திரும்பியிருக்கும். 3 மாதம் ஆனாலும் ஏறத்தாழ 80 சதவீதம். அதனால் காலண்டரை நம்புங்கள்.

'யோகாதானே'

சூரிய நமஸ்காரத்தில் உடம்பின் எடை இரண்டு கைகளிலும் இறங்குகிறது. அஷ்டாங்க நமஸ்காரத்தில் மார்பு தரையில் அழுந்துகிறது. புஜங்காசனத்தில் நெஞ்சு முழுக்க விரிகிறது. 12 சுற்று செய்தால் 12 தடவை. 3 ஆவது வாரத்தில் 'மெதுவாகத்தான் செய்தேன்' என்று வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

'கால் பயிற்சிதானே'

கால் பயிற்சியை 3 வாரம் கழித்துத் தொடங்கலாம் என்று பல சர்ஜன்கள் விடுவார்கள். அங்கேயும் கை எப்படியோ உள்ளே வந்துவிடும். உட்கார்ந்து காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் மெஷினில் பக்கவாட்டுப் பிடியை இறுக்கிப் பிடிப்பது, இரண்டு கையிலும் டம்பெல் தொங்கவிட்டு, ஒரு காலை முன்னால் வைத்து முட்டி மடக்கி இறங்கும் லஞ்ச் (lunge) செய்வது, ஸ்குவாட்டுக்குத் தோளில் கம்பி ஏற்றுவது. இவற்றோடு மூச்சை அடக்கித் தள்ளினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். முதல் இரண்டு வாரங்களில் அந்த ஏற்றம் உள்ளே இரத்தக் கசிவைத் தூண்டலாம். கையை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ப்புக் குறைத்த சைக்கிள் மிதிப்பது நல்ல ஆரம்பம்.

அசையாமலே இருப்பது

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பயந்து பயந்து கையைக் கட்டிக்கொண்டு, முதுகைக் கூனி உட்கார்ந்தே இருப்பார்கள். தோள் இறுகிப்போகும், கழுத்து பிடித்துக்கொள்ளும். நடை முதல் நாளே தொடங்க வேண்டும், வீட்டுக்குள் மெதுவாகவாவது. காலில் இரத்தம் உறையாமல் இருக்க அது உதவும். தோளைப் பின்பக்கமாக மெல்லச் சுழற்றுவதை எந்த நாளிலிருந்து செய்யலாம் என்று சர்ஜனிடம் நீங்களே கேளுங்கள். பலர் கேட்பதே இல்லை.

சப்போர்ட் பிரா இல்லாமல் ஓடுவது

ஒரு நாள்கூட வேண்டாம்.

நீச்சல்

காயம் முழுதாக மூடி, சர்ஜன் பார்த்துச் சொல்லும்வரை இல்லை.

ஒரு பக்கம் மட்டும் வீங்கினால் காத்திருப்பது

திடீர் வீக்கம், இறுக்கம், சிவப்பு, காய்ச்சல், எதுவானாலும் அன்றைக்கே சர்ஜனைக் கூப்பிடுங்கள். நான் ஒரு இரவு காத்திருந்தேன். அது தவறு.

விட்ட இடத்திலிருந்து தொடங்குவது

ஓட்டத்துக்குப் பெரும்பாலும் 6 வாரம் ஆகிவிடும். மார்புப் பயிற்சி கடைசியில்தான் வரும்: 8 வாரத்துக்கு முன் நான் யாரையும் விடுவதில்லை; தசைக்கு அடியில் என்றால் 12 வாரம். அப்போதும் பழைய எடையைத் தேடக் கூடாது. முதலில் சுவர், அப்புறம் மேசை விளிம்பு, அப்புறம் முட்டி ஊன்றித் தரை. ஒவ்வொன்றிலும் இரண்டு வாரமாவது நில்லுங்கள். தசைக்கு அடியில் வைத்தவர்களுக்கு, கையை ஊன்றி அழுத்தும்போது மார்பகம் இழுபட்டு அசையும். முதல் தடவை கண்ணாடியில் பார்த்தபோது நான் பயந்துபோனேன். மேலே இருக்கும் தசை சுருங்குவதால் வருவது அது. தளர்த்தினால் பழைய இடத்துக்கு வந்துவிடும். தளர்த்திய பிறகும் ஒதுங்கியே நின்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு சர்ஜனிடம் போங்கள்.

அந்தப் பெண் இப்போது 9 ஆவது வாரத்தில் இருக்கிறார். படிவத்தைத் திரும்ப வாங்கி, காலியாக விட்ட இடத்தில் தேதியை எழுதிக் கொடுத்துவிட்டார். கால் பயிற்சியும் நடையும் மட்டும் செய்கிறார். தண்ணீர் கேனைக் கவிழ்ப்பது இப்போது அவர் கணவரின் வேலை.