குமரி எல்லையில் தொழில் தொடங்கும் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை பக்கம் இப்போது நிறைய இளம்பிள்ளைகள் சொந்தத் தொழிலில் இறங்குகிறார்கள். நேந்திரங்காய் சிப்ஸ், தேன், முந்திரிக்கொத்து, தேங்காயெண்ணெய் என்று ஆளுக்கொன்று. நான் சிப்ஸ் தொழிலில் இருப்பதால் யோசனை கேட்டு வருகிறார்கள். எங்கள் காலத்தில் நாங்கள் விழுந்த அதே குழிகளில் இவர்களும் விழுவதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. கணக்கு எழுதுங்கள், உரிமம் வாங்குங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சேமிப்பு முழுவதையும் கட்டடத்தில் போடுவது

வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பிய பிள்ளைகளிடம் இது அதிகம். ஷட்டர், டைல்ஸ், விளக்கு வைத்த பெயர்ப்பலகை எல்லாம் வந்துவிடும்; காய் வாங்கப் பணம் இருக்காது. வாடகை இடத்தில் ஒரு அடுப்பும் ஒரு உருளியும் போட்டுத் தொடங்கினால் போதும். ஆறு மாதத்துக்குக் காயும் எண்ணெயும் வாங்கக் கையில் பணம் நிற்கட்டும்.

பங்காளியுடன் வாய்ப்பேச்சு

மச்சானாகவே இருந்தாலும் பத்திரத்தில் எழுதுங்கள்.

பெரிய கடை என்று நம்பிக் கடனுக்குச் சரக்கு இறக்குவது

இத்தனை வருடம் ஆகியும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய கடையில் ஓணத்துக்கு ஆர்டர் பிடித்தான். முன்பணம் கேட்டாயா என்றேன். "பெரிய கடை அண்ணே, பணம் எங்கே போய்விடும்?" என்றான். ஒரு கிலோ சிப்ஸ் போட மூன்று கிலோவுக்குக் குறையாமல் காய் வேண்டும். ஓணம் நெருங்க நெருங்கக் காய் விலை ஏறும். காய்க்காரருக்கும் எண்ணெய்க்காரருக்கும் ரொக்கம்தான். அம்மாவின் நகையை அடகு வைத்துச் சரக்குப் போட்டான். பணம் கேட்டால் கடைக்காரர் "ஓணம் கழியட்டே மோனே" என்றார்.

ஓணம் கழிந்தது. விற்காத பாக்கெட்டுகளை மேசையில் அடுக்கி, "காறல் வாடை அடிக்குது, இதைக் கழித்துக்கொள்" என்று சொல்லிவிட்டார். எத்தனை பாக்கெட் போனது, விற்காததைத் திரும்ப எடுப்பதாகப் பேசினோமா இல்லையா, எதுவுமே எழுத்தில் இல்லை. சரக்கு இறக்கியபோது கடைப்பையன் ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கொடுத்த எண்ணிக்கை மட்டும் இருந்தது. அதில் தேதி இல்லை, கையெழுத்து இல்லை.

அதற்கு அடுத்து நடந்ததுதான் மோசம். மீதியைக் கேட்கப் போனவனிடம், "அடுத்த லோடை இறக்கு, சேர்த்துத் தருகிறேன்" என்றார். இவனும் இறக்கினான். பாக்கி கேட்கப் போகிறவன் புதுச் சரக்கையும் கொடுத்துவிட்டு வருவது இப்படித்தான். நிறுத்தினால் பழைய பணம் போய்விடுமே என்ற பயத்திலேயே ஒவ்வொரு லோடும் போகும். கொஞ்சம் கொஞ்சமாகத் தருவார்கள், ஆனால் பாக்கி வளர்ந்துகொண்டே இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு ரூபாய்க்கு விற்றால் பத்து ரூபாய் நிற்கிற தொழிலில் 20,000 ரூபாய் மூழ்கினால், அதை மீட்க மேலும் 2 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு விற்றாக வேண்டும். ஒரு கடையில் விட்டதை எடுக்கவே ஒரு சீசன் போய்விடும். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் இன்னொரு அடியும் உண்டு. மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர்கள், பில் போட்ட மாதத்தின் வரியை அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். கடைக்காரர் உங்களுக்குப் பணம் தந்தாரா என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதல் சில லோடுகளுக்கு ரொக்கம் மட்டும். பழக்கமான பிறகு பில்லுக்குப் பில்: பழைய பில் தீர்ந்தால்தான் அடுத்த சரக்கு வண்டியில் ஏற வேண்டும். டெலிவரி சலானில் தேதி, எண்ணிக்கை, கடை முத்திரை, கையெழுத்து இல்லாமல் வண்டி திரும்பக் கூடாது. விற்காததைத் திரும்ப எடுப்பதானால் எத்தனை நாளுக்குள் என்பதை முதல் நாளே வாட்ஸ்அப்பிலாவது எழுதி, அவரிடமிருந்து ஒரு 'சரி' வாங்கிவிடுங்கள்.

சரக்கு இறக்குவதற்கு முன்பே உத்யம் என்கிற மத்திய அரசின் சிறுதொழில் பதிவைச் செய்துவிடுங்கள், கட்டணம் கிடையாது. உற்பத்தி செய்கிற குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் ஒரு பிடி கொடுக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. சரக்கு விற்ற பணத்துக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு கெடு. அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு கடைக்காரர் கையெழுத்திட்ட தாள் கிடைத்தால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று ஆண்டு. இதெல்லாம் கையில் பில்லும் சலானும் இருக்கிறவர்களுக்குத்தான். துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது?

முன்பணம் கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். ஒழுங்காக வியாபாரம் செய்கிறவர் தொகையைக் குறைத்துப் பேரம் பேசுவார், அவ்வளவுதான். கோபப்படுகிறவரிடம் சரக்கை இறக்காமல் திரும்பி வந்துவிடுங்கள் மக்களே.

கேரளாவின் பாறசாலை பக்கத்து ஊர்தானே என்று நினைப்பது

1956 நவம்பர் 1-ல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் இரண்டு பக்கமும் நடக்கிறது. ஆனால் வரிக்கு அது வேறு மாநிலம். வரி உள்ள சரக்கை அங்கே விற்றால், விற்பனை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை பதிவு வேண்டாம் என்ற வரம்பு மாநிலத்துக்குள் மட்டும் விற்கிறவர்களுக்கு. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தவர்கள் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கவே முடியாது. வரி குறைவு என்று அதில் சேர்ந்துவிட்டு, அப்புறம் நெய்யாற்றின்கரையில் ஆர்டர் பிடித்துவிட்டு முழிக்கிறவர்கள் பலர். ஆடிட்டரிடம் முதல் பேச்சிலேயே "கேரளாவுக்கு அனுப்புவேன்" என்று சொல்லிவிடுங்கள். ஒரு லோடு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) கூடப் போக வேண்டும்.

மலையாளம்

பேச எல்லோருக்கும் வரும். வாசிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். நீட்டுகிற தாளில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வேலையை விடும் அவசரம்

முதல் ஓண லாபத்தைப் பார்த்துவிட்டு வேலையை விடாதீர்கள். ஆடி மாதம், மலையாளிகளுக்குக் கர்க்கடகம், மழையில் கடைகள் படுத்துக் கிடக்கும்போது எவ்வளவு விற்றது, வீட்டுச் செலவை எதை வைத்து ஓட்டினீர்கள் என்று எழுதி வையுங்கள். ராஜினாமாவைப் பற்றி அப்புறம் பேசலாம்.