திருமுழுக்கு பெற்ற பெரியவர்களைப் புதுநன்மைக்குத் தயாரிப்பது எப்படி?

குழந்தையில் ஞானஸ்நானம் (திருமுழுக்கு) வாங்கி, புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்காமலே நாற்பது வயதைத் தொட்டவர்களுக்குப் பாடம் எடுக்கப்போகிறீர்களா? முதல் வேலை, திருமுழுக்குச் சான்றிதழ். பெட்டியில் கிடக்கும் பழைய தாள் போதாது. திருமுழுக்கு பெற்ற பங்குக் கோயிலிலிருந்து புதிதாக எழுதி வாங்கச் சொல்லுங்கள். உறுதிபூசுதலும் (திருமுழுக்கை உறுதிப்படுத்தும் அருளடையாளம்) திருமணமும் அந்தப் பதிவேட்டிலேயே குறிக்கப்படும் என்பதால் நிலவரம் தெரிந்துவிடும்.

அதே வாரம் பங்குத்தந்தை பாடத்துக்கு வருகிறவரிடம் தனியாகத் திருமணத்தைப் பற்றிப் பேசட்டும். வேலை தடைபட்டு நிற்பது பெரும்பாலும் இங்கேதான். பதிவுத் திருமணம் மட்டும் செய்தவர், அதைத் திருச்சபை முறைப்படி சரிசெய்த பிறகே நற்கருணை வாங்க முடியும். துணை திருமுழுக்கு பெறாதவர் என்றால் ஆயரின் விதிவிலக்கு வேண்டும். மறுமணம் செய்தவரின் முன்னாள் துணை உயிரோடு இருந்தால் மறைமாவட்டத் திருமண நீதிமன்றம் வரை போகும், மாதக்கணக்கு ஆகும். புதுநன்மைக்குப் புடவை எடுத்து, உறவுக்கெல்லாம் சொல்லியான பிறகு இது தெரியவந்தால் அந்த மனிதர் கோயில் பக்கமே வரமாட்டார்.

பாடத்துக்கு வாரம் ஒரு மணி நேரம், எட்டுப் பத்து வாரம் வையுங்கள். பிள்ளைகளின் புத்தகம் வேண்டவே வேண்டாம். பூசையில் பயன்படும் திருப்பலிப் புத்தகமே பாடநூல். கூடவே விவிலியத்தில் யோவான் 6, லூக்கா 24 அதிகாரங்கள். பழைய செபத்தில் ‘பிதாவே’ என்று சொல்லிப் பழகியவரைத் திருத்தாதீர்கள், இப்போதைய ‘தந்தையே’ பூசையில் தானாகவே பழகிவிடும். புதிதாகத் திருமுழுக்குப் பெற வருகிறவர்களோடு இவர்களை ஒன்றாக்கவும் கூடாது. இவர்கள் ஏற்கெனவே திருச்சபையின் பிள்ளைகள்.

பாவசங்கீர்த்தனத்தை (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதை) புதுநன்மைப் பூசை நாள் காலையில் வைக்காமல் இரண்டு மூன்று நாள் முன்பே வையுங்கள், நிதானமாகப் பேச நேரம் கிடைக்கும். சாவான பாவங்களை (கனமான பாவங்களை) வகையும் எண்ணிக்கையுமாகச் சொல்ல வேண்டும். நினைவில்லாத எண்ணிக்கைக்கு ‘ஏறக்குறைய’ போதும். அவர் எழுதிவைக்கும் பாவப் பட்டியலை நீங்கள் பார்க்கக் கூடாது.

மந்திரிக்காத அப்பத்தை வைத்து ஒத்திகை பாருங்கள். கையில் வாங்குகிறவர் இடக்கையை மேலே, வலக்கையை அடியில் வைக்கட்டும். ‘கிறிஸ்துவின் திருவுடல்’ என்றதும் ‘ஆமென்’ சொல்லி, அங்கேயே உட்கொள்ள வேண்டும். அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பதறாமல் நாவால் நனைத்தால் கரைந்துவிடும்.

நோன்பு பற்றிக் கேட்காதவர் இல்லை. நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்துதான் கணக்கு, பூசை தொடங்கும் நேரத்திலிருந்து அல்ல. தண்ணீரும் மருந்தும் தடையில்லை. முதியோரையும் நோயாளிகளையும் இந்த விதி கட்டுப்படுத்தாது.

உறுதிபூசுதலும் பெறாதவர் என்றால் ஆயரிடம் முன்கூட்டியே எழுதுங்கள். ஆயரின் அனுமதியில்லாமல் பங்குத்தந்தை அதைத் தர இயலாது.