அசனத்துக்கு மறுநாள் குப்பை சேராமல் இருக்க

எங்கள் கத்தோலிக்கப் பங்கில், அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த மக்கள் சமூகத்தில், அந்தோணியார் திருவிழா ஜூன் 13. தூத்துக்குடிப் பக்கம் அந்த மாதம் தென்மேற்குக் காற்று விடாமல் அடிக்கும். நான்கு வருடத்துக்கு முன், அசனம் என்கிற திருவிழாப் பொது விருந்து முடிந்த மறுநாள் காலைத் திருப்பலிக்குப் போனபோது, மைதானத்துப் பேப்பர் கப்பெல்லாம் உருண்டுபோய் உடை மரத்து முள்ளில் குத்தி நின்றன. தூய்மைப் பணி செய்யும் அக்கா ஒருவர் வெறுங்கையால் அவற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "நேத்து சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்டேன். "எங்கள யாரும்மா கூப்பிட்டா?" என்றார். அந்தோணியார் பெயரைச் சொல்லி ஏழைகளுக்கு அப்பம் கொடுக்கிற வழக்கம் உள்ளவர்கள் நாம்.

2015-ல் வந்த 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலின் 49-ஆம் எண் பத்தியில், பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேட்கச் சொன்னார் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ். அதை எங்கள் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழுவில், பலமுறை வாசித்திருக்கிறோம். அந்தக் காலைக்குப் பிறகு, பேப்பர் கப்பை விட்டுவிட்டு, குப்பை சேராதபடி மூன்று அசனம் நடத்திவிட்டோம். செய்த விதத்தைச் சொல்கிறேன்.

பேச்சை ஏப்ரலிலேயே, அன்பியக் கூட்டத்தில் தொடங்குங்கள். பங்கு நிர்வாகத்துக்கு உதவும் குழுவான பங்குப் பேரவையில் தீர்மானம் போட்டு பீடத்தில் அறிவித்தால் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஆனால் பேப்பர் கப்புக்குப் பதிலாக வீடுகளில் கேட்கிற டம்ளர் வராது. வீட்டில் பாத்திரத்தைக் கையாளுகிற பெண்கள் சரி என்று சொல்ல வேண்டும். "பேப்பர் கப்தானே, மக்கிவிடும்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அது மக்காது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருள்களில் இந்தக் கப்பும், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டும், மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும், தண்ணீர் பாக்கெட்டும் உண்டு. இதைச் சொன்னதும் எங்கள் அன்பியத்தில் பாதி வாதம் அடங்கிவிட்டது.

அப்புறம் டம்ளர். எங்களிடம் 12 அன்பியம், அன்பியத்துக்கு 25 குடும்பம். வீட்டுக்கு இரண்டு எவர்சில்வர் டம்ளர் என்றால் 600 சேர்ந்துவிடும். திரும்பக் கிடைக்காது என்ற பயம்தான் எல்லாருக்கும். அதற்கு நெயில் பாலிஷ் வாங்கினோம். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று நான்கு நிறம், ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. டம்ளரின் அடியில் வைத்தால் 12 அன்பியத்துக்கும் தனித்தனி அடையாளம் வந்துவிடுகிறது. எங்களுக்கு இரண்டு பச்சைப் புள்ளி. முதல் வருடம் முந்தின நாள் இரவு வைத்தோம், காயாமல் கழுவும்போதே போய்விட்டது. ஒரு வாரம் முன்னால் வைத்துவிடுங்கள். கழுவ மூன்று அண்டா வேண்டும்: தேய்க்க ஒன்று, அலச ஒன்று, கொதிநீரில் முக்கியெடுக்க ஒன்று. கொதிநீர் அண்டாவுக்குப் பெரியவர்களை மட்டும் நிறுத்துங்கள், பீடச் சிறுவர்கள் பக்கத்தில் போகக் கூடாது.

இலை, வாழை இலையேதான். ஏரல் பக்கமிருந்து கட்டுக்கட்டாக வருகிறது. சமையலுக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு அன்பியமும் ஆள் கணக்குக் கொடுக்க வேண்டும். "வருகிறவர்கள் வரட்டும்" என்று உலை வைத்தால் மிச்சம் மலையாகும். சாப்பிடக்கூடிய அளவுக்கே சமைக்கும்படி அதே சுற்றுமடல் 211-ஆம் எண்ணில் சொல்கிறது. அப்படியும் மிஞ்சினால், பந்திக்குக் கொண்டுபோகாத சோற்றை மூடித் தனியாக வைத்து, சூடு ஆறுவதற்குள் கொடுத்துவிடுங்கள். யாருக்கு என்று முந்தின நாளே பேசி வைத்திருக்க வேண்டும். ஜூன் வெயிலில் சாயங்காலம் வரை வைத்திருந்த சாம்பார் சோற்றை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

ஏழைகளை மிச்சத்துக்காகக் காத்திருக்க வைப்பது எனக்கு ஒப்பவே இல்லை. விருந்து வைத்தால் ஏழைகளை அழை என்று லூக்கா 14-ல் ஆண்டவர் சொல்வது விருந்துக்கு அழைப்பதைத்தான். அதனால் முதல் பந்தியில் தூய்மைப் பணியாளர்களும் அவர்கள் குடும்பமும் உட்காருகிறார்கள். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் வீட்டுக்கே போய்க் கூப்பிடுவார்கள். மைக்கில் கூப்பிட்டால் வர மாட்டார்கள், கூச்சப்படுவார்கள். பரிமாறுவது பேரவை உறுப்பினர்கள். மறுநாள் வேலைக்குக் கையுறையும், பேசிய கூலியும் முன்கூட்டியே கவரில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். கப்பும் பிளாஸ்டிக் விரிப்பும் வாங்காமல் மிஞ்சுகிற பணம் அதற்குப் போதும்.

சாப்பிட்ட இலையை மாட்டுக்குக் கொடுக்கலாம். மீதியைக் கோவிலுக்குப் பின்னால் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, ஒரு அடுக்கு இலை, ஒரு அடுக்கு சருகும் மண்ணும், மேலே சாணிக் கரைசல் என்று போட்டு வாருங்கள். ஈரம் காயாமல் பார்த்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டால் மூன்று மாதத்தில் உரம். கணக்குப் பாருங்கள், அது செப்டம்பர் நடு. இயற்கையைக் காக்கத் திருச்சபை ஜெபிக்கும் 'படைப்பின் காலம்' செப்டம்பர் 1 முதல் அசிசி பிரான்சிஸ் திருநாளான அக்டோபர் 4 வரை. கன்று நடவும் அதுவே சரியான நேரம், அதற்குப் பின்னாலேயே வடகிழக்குப் பருவமழை வந்துவிடும்.

நாங்கள் வேம்பும் புங்கனும் வைக்கிறோம். கோவில் சுவரை ஒட்டிப் பனங்கொட்டையும் புதைக்கிறோம். பனைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் தேட வேண்டியதில்லை. வேம்புக்கும் புங்கனுக்கும், பக்கத்து வீட்டுக்காரர் யாராவது பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன இடத்தில் மட்டும் குழி தோண்டுங்கள். ஆடு கடிக்காமல் சுற்றிலும் உடை முள்ளை வெட்டி வைக்க மறக்க வேண்டாம்.